‘தாழ்நிலப் பகுதி மக்கள்’ என்றால் யார்?

மழைக்காலம் தொடங்கினால் ஒரு வசனம் எங்கட காதில் திரும்பத் திரும்ப விழும். “வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன. தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்.” மலையகச் செய்தி என்றால் லக்சபான, கெனியன், விமலசுரேந்திர என்று மின்சார அணைகளின் பெயர் வரும். எங்கட பக்கம் என்றால் இரணைமடு. பெயர் மாறும், வசனம் மாறாது. சின்ன வயதிலிருந்தே கேட்டுப் பழகிப் போனதால், அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருப்பதை நாங்கள் கவனிக்கவேயில்லை. தாழ்நிலப் பகுதி என்றால் எது? எந்த ஒழுங்கை? யாருடைய வீடு?

நாங்கள் நாலு பேர். மூன்று பேர் பளை, ஒருத்தி முரசுமோட்டை. நாலு பேரும் கலைப்பீடம். பளைக்காரருக்கு இரணைமடு வெள்ளம் நேரடியாக வராது. குளத்திலிருந்து இறங்குகிற தண்ணீர் கனகராயன் ஆற்றுவழியாகப் போய்ச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் சேரும். நாங்கள் ஆனையிறவுக்கு இந்தப் பக்கம். எங்களுக்கு வெள்ளம் என்றால் கிளிநொச்சி பஸ் ஓடாது, அவ்வளவுதான். ஆனால் முரசுமோட்டைக்காரிக்கு அப்படியில்லை. அவளுடைய வீட்டுக்கதையைக் கேட்ட பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது.

2018 டிசம்பர் 21, வெள்ளிக்கிழமை இரவு. நாங்கள் எல்லோரும் அப்போது தரம் 10. பகல் முழுக்க விடாத மழை. இரவு முற்றத்தில் தண்ணீர் நின்றபோது அவர்கள் அதை மழைவெள்ளம் என்றுதான் நினைத்தார்களாம். வாசற்படி தாண்டி உள்ளே வந்தபோதுதான் “கதவு திறந்திட்டாங்களாம்” என்று யாரோ கத்திக்கொண்டு போனார்கள். அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது. முன்வீட்டு மாமா லான்ட்மாஸ்டரைப் பெட்டியோடு கொண்டுவந்து நிறுத்தினார். ஏறியாச்சு. எங்கே போவது? ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒழுங்கை வீட்டை விடப் பள்ளம். கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் பெட்டிக்குள் வரத் தொடங்கிவிட்டது. திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்த்தான் தப்பினார்கள்.

“பிறந்ததில இருந்து அந்த ஒழுங்கையில நடக்கிறன். அது பள்ளம் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்” என்று அவள் சொன்னாள்.

அதே இரவு பளையில் எங்கட வீட்டு ஃபோன்களுக்கு வந்த செய்தி வேறு. “இரணைமடுக் கட்டு உடைச்சிட்டுதாம்.” கட்டு உடையவில்லை. திறந்த வான்கதவுகளால் வந்த தண்ணீரும், பெய்த மழையும் சேர்ந்த வெள்ளம் அது. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை, ஊரியான் என்று ஆற்றோரத்து ஊர்கள் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் பொதுமண்டபங்களிலும் தங்கின. பிறகு, கதவுகள் எப்போது, எப்படித் திறக்கப்பட்டன என்று விசாரிக்கக் குழுவும் அமைக்கப்பட்டது. யாரில் பிழை என்ற விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. எங்கட கேள்வி அதற்கு முந்தியது. கதவு சரியான நேரத்தில் திறந்திருந்தாலும், அந்த லான்ட்மாஸ்டர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு முறை உலகத்தில் இருக்கிறது. அணைகளின் பாதுகாப்பு வகைப்பாடு என்று அதைச் சொல்கிறார்கள். அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது நாங்கள் முதலில் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டோம். ‘உயர் அபாய அணை’ என்றால் உடையப் போகிற அணை என்று நினைத்தோம். அப்படியில்லை. இங்கே இரண்டு தனித்தனி அளவுகள் உண்டு. ஒன்று, அணையின் நிலைமை: கட்டு உறுதியா, கசிவு உண்டா, வான்கதவு ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது. மற்றது, அபாய வகுப்பு: ஒருவேளை அது உடைந்தால், அல்லது பிழையாக இயக்கப்பட்டால், கீழே என்ன நடக்கும் என்பது. மனித உயிர் போகலாம் என்றால் உயர் அபாயம். உயிர் போகாது, ஆனால் சொத்தும் பயிரும் பெரிதாக அழியும் என்றால் நடுத்தரம். கீழே காடும் தரிசும்தான் என்றால் குறைந்த அபாயம். ஒவ்வொரு நாட்டிலும் சொற்கள் கொஞ்சம் மாறும். அடிப்படை இதுதான்.

வீட்டு காஸ் சிலிண்டரை யோசித்துப் பாருங்கள். சிலிண்டர் புதிதா, பழசா, கறள் பிடித்ததா என்பது ஒரு கேள்வி. அதை எங்கே வைத்திருக்கிறோம், பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. புத்தம் புது சிலிண்டரைப் பிள்ளைகள் படுக்கிற அறைக்குள் வைத்தால், அதற்கு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் ஆபத்து பெரிசுதான். ஆக, அபாய வகுப்பு என்பது அணையைப் பற்றிய கதை இல்லை. அணைக்குக் கீழே இருக்கிற ஆட்களைப் பற்றிய கதை.

இந்த வித்தியாசம் விளங்கினால் 2018 இன்னும் நன்றாக விளங்கும். இரணைமடு ஆங்கிலேயர் காலத்துக் கட்டு. அதற்கு 100 வயது தாண்டிவிட்டது. பல தடவை உயர்த்தப்பட்டிருக்கிறது. கடைசியாக, விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் உதவியோடு பெரிய அளவில் திருத்தினார்கள். நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியானது. கொள்ளளவு சுமார் 13 கோடி கன மீற்றரிலிருந்து 14 கோடியைத் தாண்டியது. 2018 டிசம்பர் 7 அன்று, அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து குளத்தை மக்களிடம் கையளித்தார். சரியாக இரண்டு கிழமையில் வெள்ளம் வந்தது.

“திருத்தின குளம், இனிப் பயமில்லை” என்றுதான் எல்லோரும் நினைத்திருப்போம். நிலைமை திருந்தியது உண்மை. ஆனால் அபாய வகுப்பு குறைந்திருக்காது. மேலே நிற்கிற தண்ணீர் கூடினால் கீழே இருக்கிறவருக்கு வரக்கூடிய ஆபத்தும் கூடும். கட்டு எவ்வளவு உறுதியாக நின்றாலும், வான் வழியாக வாற தண்ணீர் வீட்டுக்குள் வரத்தான் செய்யும். உறுதியான கட்டும் மூழ்கிய ஊரும் ஒரே இரவில் ஒன்றாக இருக்கலாம் என்பதைத்தான் எங்கட ஊர் அன்றைக்குக் கண்டது.

இன்னொரு விசயமும் இருக்கிறது. கீழே ஆட்கள் கூடினால், அணையில் ஒரு கல்லைக்கூட அசைக்காமலே அதன் அபாய வகுப்பு ஏறும். இரணைமடுவைக் கட்டினதே கீழே காட்டை வெட்டி ஆட்களைக் குடியேற்றிக் கமம் செய்யத்தான். குளம் வந்ததால்தான் ஊர் வந்தது. இன்றைக்கு 20,000 ஏக்கருக்கு மேல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஓடிவந்தவர்கள் இருக்கிறார்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்து மறுபடி கொட்டில் போட்டவர்கள் இருக்கிறார்கள். காணி உள்ளவர் மேட்டில் வீடு கட்டுவார். காணி இல்லாதவர் வாய்க்கால் கரையிலும் ஆற்றுப் படுகையிலும் கிடைத்த துண்டில் இருப்பார். ஆகவே ‘தாழ்நிலப் பகுதி’ என்ற சொல் நிலத்தின் உயரத்தை மட்டும் சொல்லவில்லை. யாருக்குக் காணி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற பழைய கணக்கையும் அது சொல்கிறது. மஸ்கெலியாவில் மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய பட்டினமே தண்ணீருக்குள் போனது. வறட்சிக் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரிகிறது என்று ஃபோட்டோ வரும். நாங்கள் லைக் போட்டுவிட்டுப் போய்விடுவோம். மின்சாரமும் தண்ணீரும் ஒரு பக்கம் போக, அதன் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பது அந்த ஃபோட்டோவில் இருக்கிறது.

வகுப்பு என்று ஒன்றை எழுதி வைத்தால் மட்டும் காணுமா? காணாது. அதற்கும் உதாரணம் இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஈடன்வில் என்று ஒரு அணை. 1920களில் மின்சாரத்துக்காகக் கட்டிய மண் அணை, ஏறக்குறைய இரணைமடுவின் வயது. அது உயர் அபாய வகுப்பில் இருந்தது. ஆற்றில் வரக்கூடிய ஆகப் பெரிய வெள்ளம் என்று கணக்கிட்டதில் பாதியைத்தான் அதன் வான் கடத்தும் என்று மத்திய அரசின் எரிசக்தி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சொந்தக்காரக் கம்பனி வானைப் பெருப்பிக்கவில்லை. 2018 செப்டம்பரில் ஆணைக்குழு மின் உற்பத்தி அனுமதியை ரத்துச் செய்தது. அதோடு மேற்பார்வை மாநில அரசின் கைக்குப் போனது. அதே வருடம் மாநிலப் பரிசோதனை, கட்டின் நிலைமை ‘பரவாயில்லை’ என்கிற தரத்தில் இருப்பதாக எழுதியது. 2020 மே 19 மாலை அணை உடைந்தது. கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையும் சேர்ந்து போனது. பிறகு வந்த நிபுணர் குழு ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தது. தண்ணீர் கட்டுக்கு மேலால் பாயவில்லை. கட்டுக்குள் இருந்த இறுக்கமில்லாத மணல், ஈரம் ஏறித் திடீரென்று குழம்பாகியதால்தான் கட்டு சரிந்தது. எல்லோரும் பயந்தது வானைப் பற்றி. உடைந்தது மண்ணில்.

அப்படியென்றால் அந்த வகைப்பாட்டால் என்ன பிரயோசனம்? இதுதான்: 10,000க்கு மேற்பட்ட ஆட்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. அணை எப்படி உடையும் என்று பொறியியலாளர்கள் பிழையாகக் கணித்திருக்கலாம். ஆனால் உடைந்தால் தண்ணீர் எங்கே போகும், யாரை எழுப்ப வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இதற்குப் பக்கத்தில் கந்தளாயை வையுங்கள். 1986 ஏப்ரல் 20, அதிகாலை 3 மணியளவு. திருகோணமலை மாவட்டத்தின் பழம்பெரும் குளம். கட்டு உடைந்தபோது கீழே ஊர் நித்திரை. 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீடுகளும் வயல்களும் அள்ளுண்டு போயின. கட்டுக்கு மேலால் பாரமான வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். நித்திரையில் இருந்தவர்களை எழுப்ப ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் அந்த எண்ணிக்கை வேறாக இருந்திருக்கும். அந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் நாங்கள் இதை எழுதுகிறோம்.

தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால் முல்லைப் பெரியாறு. 1895இல் கட்டி முடித்தது. அதன் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்து, லோயர் கேம்பில் மின்சாரமாகி, பிறகு தேனி, மதுரை வயல்களுக்குப் போகிறது. 1979இல் பாதுகாப்புக்காக நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைத்தார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்றது. முகநூலில் அந்தச் சண்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் “அணை உடையப் போகுது”, மற்றப் பக்கம் “அணை இரும்பு மாதிரி நிக்குது”. தண்ணீர் எங்கட உரிமை என்று தமிழ்நாட்டு விவசாயி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அணைக்குக் கீழே முதலில் இருப்பது வண்டிப்பெரியார். அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். இரண்டு பக்கக் கோசத்திலும் அவர்களுக்கு ஒரு பதில் இல்லை. அணை உறுதியா என்ற கேள்வியை மாநிலப் பெருமையாக்கிவிட்டால், உடைந்தால் யார் எங்கே ஓடுவது என்ற கேள்வியைக் கேட்பவர் துரோகியாகிவிடுவார். இந்தியா 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அவசரகாலச் செயற்திட்டம் வைத்திருப்பது அணை வைத்திருப்பவரின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

இலங்கையில் 300க்கும் மேற்பட்ட பெரிய, நடுத்தர அணைகளும் 10,000க்கும் மேற்பட்ட சிறு குளங்களும் இருக்கின்றன. உலக வங்கியின் கடனோடு 2008இலிருந்து ஒரு அணைப் பாதுகாப்புத் திட்டமும் நடந்தது. ஆகவே ‘எங்கட நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை’ என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் சொல்வது, நடந்தது எங்கட வாசலுக்கு வரவில்லை என்பதுதான். எங்கட பட்ச்சில் வன்னிப் பிள்ளைகள் கனபேர். ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தோம்: உங்கட ஊருக்கு மேலே இருக்கிற குளம் எந்த அபாய வகுப்பு? வெள்ளம் எதுவரை வரும் என்று காட்டுகிற வரைபடம் ஒன்றைத் தமிழில் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர்கூட ஓம் என்று சொல்லவில்லை. சிலர் சிரித்தார்கள். ஒருத்தன் மட்டும், “குளத்துக்கும் தரம் இருக்கோ மச்சான்?” என்று கேட்டான்.

இதைச் சொன்னால் இரண்டு பதில் வரும் என்று தெரியும்.

முதலாவது: “கலைப்பீடக்காரருக்கு அணையைப் பற்றி என்ன கதை? அறிவியல்நகரில பொறியியல் பீடம் இருக்குத்தானே.” சரி. கட்டின் சாய்வையும் துருசின் அளவையும் கணக்குப் பார்க்க எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு வகுப்பைத் தீர்மானிப்பது கீழே எத்தனை வீடு, எத்தனை பேர், அதில் எத்தனை பேர் நடக்க ஏலாதவர்கள் என்பது. அந்தக் கணக்கு குளக்கட்டில் இல்லை, ஒழுங்கையில் இருக்கிறது. வரைபடம் போடுகிற புவியியல் கலைப்பீடத்துக்குள்தான் இருக்கிறது. ‘அவதானமாக இருக்கவும்’ என்ற வசனத்தை விளங்கக்கூடிய தமிழில் எழுதுவதும் கலைப்பீட வேலைதான்.

இரண்டாவது: “இதையெல்லாம் வெளியில போட்டா சனம் பயந்திடும்.” 2018 இரவில் சனம் பயப்படாமலா இருந்தது? தெரியாத இடத்தை வதந்திதான் நிரப்பியது. ‘கட்டு உடைச்சிட்டுதாம்’ என்ற ஒரு வரி பளை வரை வந்து சேர்ந்தது. எந்த ஒழுங்கை பள்ளம் என்ற செய்தி முரசுமோட்டைக்குள்ளேயே போய்ச் சேரவில்லை. தகவல் இருக்கிறவர் பயந்தாலும் சரியான திசையில் ஓடுவார். இல்லாதவர் பயந்து பள்ளத்துக்குள் ஓடுவார்.

நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. குளத்தின் அபாய வகுப்பும், கடைசியாகப் பரிசோதித்த திகதியும் கிராம அலுவலர் கந்தோரிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழில் ஒட்டியிருக்க வேண்டும். எத்தனை அடியில் கதவு திறந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்ற வரைபடம் வேண்டும், வெறும் நிறங்களோடு இல்லாமல் ஒழுங்கைகளின் பெயர்களோடு. கதவு திறக்கிறதுக்கு எத்தனை மணித்தியாலம் முந்தி, யார், எப்படி அறிவிப்பார் என்பது எழுத்தில் வேண்டும். வருடத்துக்கு ஒருதரம், காலபோகம் தொடங்க முந்தி, கமக்காரர் கூட்டத்தில் விதைப்புத் திகதி பேசுகிற மாதிரி இதையும் பேச வேண்டும்.

அதுவரை நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் தமிழில் எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். இரணைமடு எந்த அபாய வகுப்பு, அவசரகாலத் திட்டம் உண்டா, வெள்ள வரைபடம் தமிழில் உண்டா என்ற மூன்று கேள்விகளோடு ஒரு விண்ணப்பம் எழுதியாச்சு. இந்தக் கிழமை அனுப்புகிறோம். பதில் வந்தால் அதையும், வராவிட்டால் வரவில்லை என்பதையும் இங்கேயே எழுதுவோம்.

இன்னொன்றையும் தொடங்கியிருக்கிறோம். முரசுமோட்டையில் சில வீட்டுச் சுவர்களில் 2018 வெள்ளம் நின்ற கறை இன்னும் இருக்கிறது. சிலர் சுவருக்கு நிறம் அடித்து மறைத்துவிட்டார்கள். அடிக்க முந்தி அளந்து வைப்போம் என்று நாடாவோடு ஒரு சனிக்கிழமை போனோம். முதல் அளந்தது அவளுடைய அம்மம்மாவின் வீடு. நிலத்திலிருந்து கறைவரை அளந்து கொப்பியில் எழுதினோம். அம்மம்மா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தா. “உதை எழுதி என்ன பிள்ளையள் செய்யப் போறியள்?” என்று கேட்டா. படம் கீறப் போறம் அம்மம்மா, அடுத்த முறை எந்தப் பக்கம் போறது எண்டு பாக்க, என்று சொன்னோம்.

“அப்ப பள்ளிக்கூட ஒழுங்கையையும் அளவுங்கோ” என்றா.

அளந்தோம். உங்கட ஊரிலும் ஒரு குளம் இருக்கும், ஒரு ஒழுங்கை இருக்கும். நீங்களும் அளந்துவிட்டு எழுதுங்கள்.